பிரேக் அடிச்சா "டொக்"னு சத்தம்: லோவர் ஆர்ம் முழுசா மாத்தணுமா, புஷ் மட்டும் போதுமா?

தம்பி, உங்க கேள்வியை ரெண்டு தடவை நிதானமா வாசிச்சேன். 2002 கொரோலா 121, ஒட்டோ கியர், தலவாக்கலையில இருந்து தினமும் நுவரெலியா போய் வர்றீங்க, திரும்பி வர்றப்ப நானுஓயா தாண்டி எறக்கத்துல பிரேக்ல கால் வச்சா இடது முன்பக்கம் "டொக்"னு ஒரு அடி, ஷொக் ரெண்டும் புதுசு போட்டும் சத்தம் போகல. ஒரு கராஜ்ல லோவர் ஆர்ம் (டயரைக் கீழ இருந்து வண்டியோட பிடிச்சு வைக்கிற இரும்புக் கை) ரெண்டையும் செட்டா மாத்துங்கங்கிறாங்க, இன்னொரு பாஸ் (மெக்கானிக்) அந்த ஆர்ம்ல இருக்கிற ரப்பர் புஷ் மட்டும் மாத்தினா போதும்ங்கிறார், உங்க கூட்டாளி பொலியூரித்தேன் புஷ் (ரப்பருக்குப் பதிலா கெட்டி பிளாஸ்டிக் மாதிரி பொருள்ல செஞ்சது) போட்டா ஆயுசுக்கும் பார்க்கத் தேவையில்லங்கிறார். இதுல யார் சொல்றது சரின்னு கேட்டிருக்கீங்க. ஆனா ஷொக்குக்கு ஒரு தடவை காசு போயிருச்சு, இன்னொரு தடவையும் அப்படி போயிரக் கூடாது, அதுக்கு எதை முதல்ல பார்க்கணும்ங்கிறதுதான் நீங்க உண்மையில கேக்கிற கேள்வின்னு எனக்குப் படுது. அதனால சாமான் விசயத்துக்கு முந்தி, எது போயிருக்குன்னு கண்டுபிடிக்கிற விசயத்துல இருந்து வர்றேன். நான் தோட்டத்து பெக்டரி வர்க்‌ஷொப்ல 9 வருஷம் இருந்துட்டு, பொறகு ஹட்டன் பக்கம் சொந்தமா கராஜ் போட்டு 20 வருஷத்துக்கு மேல ஆகுது. உங்க வண்டியை நான் கண்ணால பார்க்கல, அதை மனசுல வச்சுக்கிட்டே வாசிங்க.

முதல்ல புஷ்னா என்னன்னு சரியா வெளங்கிக்கணும், ஏன்னா பாதி பிழை இங்கதான் ஆரம்பிக்குது. நெறைய பேர் புஷ்ஷை ஒரு பெயாரிங் மாதிரி நெனைக்கிறாங்க, உள்ள இருக்கிற பைப் சுத்தும், வெளி பைப் நிக்கும், நடுவுல ரப்பர் வழுக்கும்னு. அப்படி இல்ல. வெளியில ஒரு இரும்பு வளையம், உள்ள ஒரு இரும்புக் குழாய், நடுவுல ரப்பர், அந்த ரப்பர் ரெண்டு இரும்புலயும் பசை போட்டு சூட்டுல வார்த்து ஒட்டினது. போல்டை இறுக்கினதும் உள்குழாய் வண்டி பொடியோட பிடிச்சு ஒண்ணாயிரும், அது அசையவே அசையாது. ஆர்ம் மேல கீழ போறப்ப அந்த ரப்பர்தான் முறுக்கிக்கிட்டுப் போய் திரும்பி வருது. ஈரத்துணியை ரெண்டு கையாலயும் பிடிச்சு முறுக்கி விடுற மாதிரி, ஒரு கிலோமீட்டர் ஓட்டத்துல எத்தனை நூறு தடவைன்னு சொல்ல முடியாது. வழுக்காம முறுக்குதுங்கிற இந்த ஒண்ணை மட்டும் பிடிச்சுக்கிட்டீங்கன்னா கீழ நான் சொல்லப் போற முக்கால்வாசி விசயம் தானாகவே வெளங்கிரும்.

உங்க 121ல ஒரு பக்கத்து லோவர் ஆர்ம்ல ரெண்டு புஷ், ஒரு போல் ஜொயின்ட் (ஆர்ம் நுனியில டயர்ப் பக்கத்தைப் பூட்டுற உருண்டை மூட்டு). முன் புஷ் படுக்கையா இருக்கும், சின்னது, கெட்டியானது, வளைவுல டயர் பக்கவாட்டுல போகாம பிடிக்கிற வேலை பெரும்பாலும் அதுக்கு. பின் புஷ் பெருசு, போல்ட் மேல கீழா நிக்கும், ரப்பருக்கு நடுவுல கம்பெனியே விட்ட வெற்றிடம் இருக்கும். பள்ளத்துல விழுறப்ப டயர் கொஞ்சம் பின்னுக்குப் போய் அடியை வாங்கிக்கிட்டு திரும்ப வரணும்னுதான் அதை அப்படி இளக்கமா செஞ்சிருக்கான். அதே இளக்கம்தான் எறக்கத்துல அதுக்கு எமன். கணக்கு ஒண்ணு சொல்றேன், ஆளோட சாமானோட 1300 கிலோ இருக்கிற கார்ல கொஞ்சம் பலமா பிரேக் அடிச்சா மொத்தம் 650 கிலோ அளவுக்கு ரோட்டு வண்டியைப் பின்னுக்கு இழுக்குது, அதுல பெரும்பகுதி முன் டயருக்குத்தான் விழும், ஆக ஒரு முன் டயரை 200 கிலோவுக்கு மேல பின்னால தள்ளுது. அதை அந்த ரெண்டு புஷ்ஷும் தாங்கணும். கொழும்புல சமதரையில ஓடுற வண்டிக்கு இது சிக்னலுக்கு சிக்னல்தான். நம்ம பக்கம் 1868 மீட்டர் உயரத்துல இருக்கிற நுவரெலியாவுல இருந்து கீழ இறங்குறப்ப வளைவுக்கு வளைவு இதுதான் நடக்குது, பிரேக்கும் வளைவும் ஒண்ணா சேர்ந்து. கொழும்பு வண்டியில பின் புஷ் எத்தனை கிலோமீட்டர் தாங்கும்னு யாராவது சொன்னா அந்தக் கணக்கை இங்க கொண்டு வராதீங்க. இன்னொண்ணு, நாம இடப்பக்கம் ஓட்டுற நாடு, கானுப் பக்கத்து உடைஞ்ச ரோட்டு ஓரத்துல போறது இடது டயர்தான், மலை ரோட்டுல எதிர்ல லொறி வந்தா ஒதுங்கி குழியில இறங்குறதும் அதுதான். என் கராஜ்ல வந்த வண்டிகள்ல இடது பக்கம் முதல்ல போனதுதான் அதிகம். இது நான் எழுதி வச்ச கணக்கு இல்ல, அனுபவம்.

சரி, சத்தத்துக்கு வருவோம். பிரேக் வச்சதும் ஒரு "டொக்", திரும்ப அக்சில் குடுத்ததும் இன்னொரு "டொக்"னா ஏதோ ஒண்ணு முன்னும் பின்னும் ஆடுதுன்னு அர்த்தம். அது பின் புஷ்ஷா இருக்கலாம், ஆனா அது மட்டும்தான்னு இல்ல. பிரேக் பேட் கிளிப் இல்லாம லூசா இருந்தாலும், பேடை அமுக்குற கலிபரோட பின் தேஞ்சிருந்தாலும் அதே மாதிரி அடிக்கும், அதுலயும் ரிவர்ஸ் எடுத்துட்டு முன்னால வந்து முதல் பிரேக் வைக்கிறப்ப நல்லா கேக்கும். என்ஜின் மவுன்ட் போயிருந்தாலும் ஒட்டோ கியர் வண்டியில "டொக்" வரும், அதை சுலபமா பிரிச்சிரலாம், வண்டியை நிப்பாட்டி பிரேக்கை நல்லா மிதிச்சுக்கிட்டு கியரை டீயில (D) இருந்து ஆருக்கும் (R) ஆர்ல இருந்து டீக்கும் மாத்திப் பாருங்க, டயர் அசையாமலே அடிச்சுதுன்னா மவுன்டைத்தான் முதல்ல பார்க்கணும். சின்னச் சின்ன கல்லு ரோட்டுல "டக டக டக"ன்னு விடாம வந்தா அது ஸ்டெபிலைசர் லிங்க் (வளைவுல வண்டி சாயாம பிடிக்கிற பாரைப் பூட்டுற சின்னக் கம்பி), விலை கொறஞ்ச சாமான், அதைத் தெரியாம ஷொக்கை மாத்தினவங்க ஏராளம். நின்ன இடத்துல ஸ்டியரிங்கைத் திருப்புறப்ப மேல இருந்து "டங்"னு வந்தா ஷொக் தலையில இருக்கிற மவுன்டிங். ஷொக் மாத்தினப்ப அந்த மவுன்டிங்கையும் புதுசு போட்டாங்களா, பழசையே தூக்கிப் போட்டாங்களான்னு கேட்டுப் பாருங்க.

இப்ப நீங்களே செய்யக்கூடிய ஒரு சோதனை சொல்றேன். சமமான ஒரு இடம், பாடசாலை கிரவுண்ட் மாதிரி. கூட்டாளியை இடது முன் டயருக்குப் பக்கத்துல ரெண்டு மூணு அடி தள்ளி நிக்க வைங்க, வண்டிக்கு முன்னால இல்ல, பக்கத்துல. நீங்க நடக்கிற வேகத்துல முன்னால போய் பிரேக் வைங்க, அப்படியே ரிவர்ஸ்ல போய் பிரேக் வைங்க. டயர் மட்காட்டுக்கு உள்ள முன்னும் பின்னும் எவ்வளவு நகருதுன்னு அவர் பார்க்கட்டும். கொஞ்சம் நகரும், அது இயல்பு. பொறகு வலது பக்கம் போய் நின்னு அதே மாதிரி பார்க்கச் சொல்லுங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் கண்ணுக்கே தெரிஞ்சா பாதி பதில் கிடைச்சிருச்சு. மீதிப் பாதிக்கு வண்டியை ஒரு கராஜ்ல தூக்கி லீவர் போட்டுப் பார்க்கணும். அலவாங்கு வேணாம், அவ்வளவு பெரிய கம்பியால நெம்பினா நல்ல புஷ்ஷும் ஆடத்தான் செய்யும், ரெண்டு அடி லீவர் போதும். ஆர்முக்கும் கிராஸ்மெம்பருக்கும் (ஆர்ம் பூட்டியிருக்கிற குறுக்கு இரும்புச் சட்டம்) நடுவுல வச்சு மெதுவா நெம்புறப்ப ரப்பர் அமுங்கி எதிர்த்துத் தள்ளினா உயிர் இருக்கு, எதிர்ப்பே இல்லாம இரும்பு இரும்புல போய் முட்டினா முடிஞ்சுது.

இந்த இடத்துல ஒண்ணைக் கவனமா பாருங்க. பின் புஷ்ல வெற்றிடம் இருக்கும்னு சொன்னேன் இல்லையா, அதைக் காட்டி "இந்தா பாருங்க ரப்பர் கிழிஞ்சிருச்சு"ன்னு சொல்றவங்க இருக்காங்க, சிலர் உண்மையிலேயே தெரியாம சொல்றாங்க. கம்பெனி விட்ட வெற்றிடத்தோட ஓரம் வழுவழுன்னு உருண்டு இருக்கும், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். கிழிசலோட ஓரம் சொரசொரப்பா, பிச்ச ரொட்டி மாதிரி இருக்கும், உள்குழாயும் நடுவுல இல்லாம ஒரு பக்கமா ஒதுங்கி நிக்கும். மேல்பரப்புல முடி முடியா வெடிப்பு மட்டும் இருந்தா அது கிழிசல் இல்ல, 20 வருஷத்து ரப்பருக்கு அது வயசுக் கோடு, மாத்துற காலம் வருதுன்னு சொல்லுது, சத்தத்துக்குக் காரணம் அதுன்னு சொல்ல முடியாது. சில கார்கள்ல புஷ்ஷுக்கு உள்ள எண்ணெய் அடைச்சு வச்சிருப்பான், அதுல கறுப்பா ஈரம் வழிஞ்சிருந்தா அந்த புஷ் செத்துருச்சு.

போல் ஜொயின்ட்டை இதோட சேர்த்தே பார்த்திருங்க, ஏன்னா புஷ் போனா சத்தமும் டயர் தேய்மானமும்தான், போல் ஜொயின்ட் கழண்டா டயர் மடிஞ்சு வண்டி அப்படியே உக்காந்துரும், நம்ம ரோட்டுல ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். டயரைத் தூக்கி மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க, அடியில லீவர் வச்சு மேல தூக்கிப் பாருங்க, ஜொயின்ட்ல வெளையாட்டு தெரிஞ்சா யோசிக்காதீங்க, மாத்துங்க. ரப்பர் மூடி கிழிஞ்சு கிரீஸ் வெளிய வந்திருந்தா இன்னும் ஆடலைன்னாலும் மாத்திருங்க, தண்ணியும் மண்ணும் உள்ள போயாச்சு, நம்ம மழைக்கு அது எத்தனை மாசம் நிக்கும்னு சொல்ல முடியாது.

இப்ப முழு ஆர்மா, புஷ் மட்டுமா? நீங்க எழுதினதை வச்சுப் பார்த்தா இடது பின் புஷ் மேலதான் எனக்கு சந்தேகம் அதிகம், ஆனா மேல சொன்ன சோதனையில அது நிரூபணம் ஆகணும். நிரூபணம் ஆச்சுன்னு வைங்க. 121ல போல் ஜொயின்ட் ஆர்மோட சேர்ந்து வார்த்தது இல்ல, போல்ட் நட் போட்டு பூட்டினது, தனியா கழட்டலாம், தனியா வாங்கலாம். அதனால அது போச்சுன்னு ஆர்மை மாத்த வேண்டிய அவசியம் உங்க வண்டிக்கு இல்ல. வேற நெறைய கார்கள்ல ஜொயின்ட் ஆர்மோடயே வரும், அங்க கணக்கு வேற, ஜொயின்ட் தேஞ்சா முழு ஆர்ம்தான். ஆர்ம் நேரா இருக்கா, காதுல (புஷ் உக்கார்ற வளையம்) வெடிப்பு இருக்கா, துரு அரிச்சிருக்கான்னு பாருங்க. கம்பி பிரஷ் போட்டு தேய்ச்சா துரு பொடியா கொட்டி உள்ள பளிச்சுன்னு இரும்பு தெரிஞ்சா நல்ல ஆர்ம். தகடு தகடா உரிஞ்சு வந்தா வேணாம். நம்ம பக்கம் கடல் உப்பு இல்ல, அதனால மலையகத்துலயே ஓடின வண்டியோட ஆர்ம் நல்லாத்தான் இருக்கும், நீர்கொழும்பு, காலி பக்கம் ஓடி வந்த வண்டின்னா ரெண்டு தடவை பாருங்க. ஆர்ம் நல்லதுன்னா என்னோட தெரிவு, கம்பெனி ஆர்மை வச்சுக்கிட்டு நல்ல புஷ்ஷை பிரஸ்ல (அமுக்கி ஏத்துற மெஷின்) வச்சு ஏத்துறதுதான். வண்டியோட பிறந்த ஆர்ம்ல இருக்கிற இரும்பு, இப்ப மலிவா பெட்டியில வர்ற ஆர்ம்கள்ல பலதுல இல்ல. கையில தூக்கிப் பார்த்தாலே சிலதுல எடை வித்தியாசம் தெரியும், வெல்டிங் கோடும் நேரா இருக்காது, புஷ் ரப்பர் புதுசுலயே வாசம் அடிக்கும், ஒரு மழைக்காலம் தாண்டுறதுக்குள்ள திரும்ப அதே "டொக்".

ஆனா ஒரு பக்கத்தை மட்டும் சொல்லக் கூடாது. பக்கத்துல நல்ல பிரஸ் இல்ல, அடிச்சு ஏத்துற கராஜ்தான் இருக்குன்னா, கம்பெனி ஆர்மையோ நல்ல பேரெடுத்த தயாரிப்போட முழு ஆர்மையோ வாங்கிப் போடுறது மேல். ஆர்ம்ங்கிறது தகடு வளைச்சு செஞ்சது, சரியான அளவு குழாயை அடியில முட்டுக் குடுக்காம அமுக்கினா அதோட காது விரிஞ்சு போகும், பொறகு எவ்வளவு நல்ல புஷ் போட்டாலும் கழண்டு வரும். அந்த முதல் கராஜ்ல ரெண்டையும் மாத்துங்கன்னு சொன்னதுல "ரெண்டையும்"ங்கிற சொல்லு சரிதான். இடது புஷ் போயிருச்சுன்னா வலதுக்கும் அதே வயசு. ஒரு பக்கம் கெட்டியும் ஒரு பக்கம் தளர்வுமா இருந்தா பிரேக் வைக்கிறப்ப ஸ்டியரிங் ஒரு பக்கமா இழுக்கும், மழை நேரத்துல அது நல்லதில்ல.

சாமான் வாங்குற விசயம். 2020 மார்ச்ல வாகன இறக்குமதி நிப்பாட்டி, தனியார் கார்களுக்கு 2025லதான் திரும்ப விட்டாங்க, அதனால நம்ம நாட்டுல எல்லாரும் பழைய வண்டியைத்தான் பிடிச்சு வச்சு ஓட்டிக்கிட்டு இருக்கோம், கொழும்பு பஞ்சிகாவத்தை சாமான் கடைகள்ல புஷ்ஷுக்கும் ஆர்முக்கும் கிராக்கி கூடினது மாதிரி போலிப் பெட்டியும் கூடியிருக்கு. போல் ஜொயின்ட்டுக்கு ஜப்பான்ல செய்ற 555 நான் பல வருஷமா போடுறேன், நம்பி போடலாம், ஆனா அந்தப் பெட்டியை அப்படியே அச்சடிச்ச போலியும் கடையில இருக்கு. விலை நம்ப முடியாத அளவுக்கு கொறைவா இருந்தா, ஜொயின்ட் உடம்புல எழுத்து மங்கலா குத்தியிருந்தா, கையால ஆட்டினா விறைப்பே இல்லாம லொட லொடன்னு போனா திருப்பிக் குடுத்துருங்க. கொரியா சிடிஆர் சாமானும் நல்லா நின்னிருக்கு. ஜப்பான்ல கழட்டி வர்ற பழைய ஆர்மை "ரீகண்டிஷன்"னு விக்கிறாங்க, அதுல ஒரு விசயம் யோசிங்க, ஆர்ம் இரும்புக்கு வயசு இல்ல, ரப்பருக்கு வயசு உண்டு. ஓடினாலும் ஓடாட்டியும் ரப்பர் காத்துல காஞ்சுதான் போகும். உங்க ஆர்ம் வளைஞ்சிருந்தா அந்த ஆர்மை வாங்குங்க, புஷ்ஷை மட்டும் புதுசு போட்டுக்கங்க. கடைக்குப் போறப்ப "121 புஷ்"னு மட்டும் சொல்லாம செசி நம்பரைக் கொண்டு போங்க, பழைய புஷ்ஷைக் கழட்டினா அதையும் கொண்டு போய் பக்கத்துல வச்சு அளவு பாருங்க.

பொலியூரித்தேன் பத்தி உங்க கூட்டாளி சொன்னதுல பாதி உண்மை. அது கெட்டி, சீக்கிரம் கிழியாது, ஸ்டியரிங் கூர்மையா இருக்கும். ஏப்ரல் சீசன்ல மஹகஸ்தோட்டை ஹில் கிளைம் (மலையேத்த கார் ரேஸ்) ஓட்டுறவங்களுக்கு அது சரியான சாமான், அவங்களுக்கு வேணும்ங்கிறது அதுதான். ஆனா முன்ன சொன்ன முறுக்கு விசயத்தை நெனைச்சுப் பாருங்க. பொலியூரித்தேன் இரும்புல ஒட்டி வார்த்தது இல்ல, அது உள்குழாய் மேல வழுக்கிச் சுத்துது. வழுக்குறதுக்கு கிரீஸ் வேணும், அதுவும் அதுக்குரிய சிலிக்கோன் கிரீஸ், அந்த கிரீஸ் மழையில கழுவிப் போனா கிறீச் கிறீச்சுன்னு கத்தும், மண்ணு போனா தேயும். பின் புஷ்ல இன்னொரு சிக்கல், அது முன்ன பின்ன மட்டும் அசையாது, ஆர்ம் மேல கீழ போறப்ப அதுக்குள்ள போல்ட் சாய்ஞ்சு நிமிரணும், ரப்பர் அதுக்கு இடம் குடுக்கும், கெட்டிப் பொருள் குடுக்காது. அது இடம் குடுக்காட்டி அந்த விசை எங்க போகும்? ஆர்ம் காதுக்கும் கிராஸ்மெம்பருக்கும் போகும். தோட்டத்து ரோட்டுல ஒவ்வொரு கல்லும் உங்க இடுப்புக்கு வந்து சேரும். தினம் வேலைக்குப் போற வண்டிக்கு நான் போட மாட்டேன். லேத்ல நைலோன் கட்டையைக் கடைஞ்சு போட்டுத் தர்றதா யாராவது சொன்னா அதுக்கும் இதே பதில்தான், இன்னும் பலமா வேணாம்னு சொல்வேன், அப்படிப் போட்ட ஒரு வேன்ல ஆர்மோட காது வெடிச்சு நின்னதை நானே வெட்டி எடுத்திருக்கேன்.

வேலை செய்ற முறைக்கு வர்றேன், நான் எல்லாத்தையும் விட அழுத்திச் சொல்ல நெனைக்கிறது இதைத்தான். என்ன சாமான் போட்டாலும் ஆர்ம் போல்டுகளைக் கடைசி இறுக்கு இறுக்குறது டயர் தரையில நின்னு வண்டியோட எடை அதுல இருக்கிறப்பதான். ஜெக்குல தூக்கி டயர் தொங்குறப்ப ஆர்ம் கீழ சாய்ஞ்சிருக்கும், தரையில நிக்கிற நிலையை விட 10, 15 டிகிரி கீழ. அப்பவே போல்டை முறுக்கி இறுக்கினா உள்குழாய் அந்தச் சாய்வுலயே பூட்டிக்கும், வண்டியை இறக்கினதும் ரப்பர் அந்த 10, 15 டிகிரியை முறுக்கிக்கிட்டே நிக்கும், நீங்க வீட்டுல தூங்குற நேரமும் அது முறுக்கிக்கிட்டுத்தான் இருக்கும். அதுக்கு மேல குழியில விழுறப்ப இன்னும் முறுக்கும், கிழியாம என்ன செய்யும்? நான் வேலை ஆரம்பிச்ச காலத்துல எனக்கு இதைச் சொல்லித் தர ஆள் இல்ல. ஒரு தோட்டத்து கிளார்க்கோட வண்டிக்கு நல்ல கம்பெனி புஷ் போட்டுக் குடுத்தேன், நாலு மாசத்துல கிழிஞ்சு வந்துச்சு. சாமான் பிழைன்னு கடைக்காரரோட சண்டை போட்டு திரும்ப அதையே போட்டேன், அதுவும் கிழிஞ்சுது. அப்புறம் கண்டியில ஒரு பெரியவர் கராஜ்ல வேலை பார்க்கப் போனப்பதான் அவர் வண்டியை இறக்கி, நாலு தடவை அமுக்கி ஆட்டி விட்டு, பொறகு அடியில படுத்து இறுக்குறதைப் பார்த்தேன். அந்தக் கிளார்க்கோட ரெண்டு செட் புஷ்ஷுக்கும் கடைக்காரர்கிட்ட நான் பேசின பேச்சுக்கும் நான்தான் பொறுப்பு.

வண்டிக்கு அடியில இறங்கி வேலை செய்ற கிடங்கு இல்லாத கராஜ்ல தரையில வச்சு இறுக்குறது கஷ்டம்னா ஒரு வழி இருக்கு. கழட்டுறதுக்கு முந்தியே வண்டி சமதரையில நிக்கிறப்ப டயர் நடு மூடியில இருந்து மட்காட் விளிம்பு வரைக்கும் டேப் வச்சு அளந்து எழுதிக்கங்க. பொறகு ஸ்டேன்டுல நிக்கிற வண்டியில ஆர்ம் நுனிக்கு அடியில, போல் ஜொயின்ட் பக்கமா ஜெக் வச்சு, அந்த அளவு வர்ற வரைக்கும் தூக்கி அப்ப இறுக்குங்க. படுக்கையா இருக்கிற முன் புஷ்ஷுக்கு இது கட்டாயம். 121ல நிக்கிற பின் புஷ்ஷுக்கு முறுக்கு வேற திசையில, அதுக்கு இது அவ்வளவு உயிர் போற விசயம் இல்ல, ஆனாலும் ரெண்டையும் ஒண்ணா அப்படியே இறுக்கிருங்க. எவ்வளவு இறுக்கணும்ங்கிறதுக்கு மெனுவல்ல எண் இருக்கு, அளவு பார்த்து இறுக்குற டோர்க் ரென்ச் இருக்கிற கராஜைத் தேடுங்க.

பின் புஷ்ஷை பிரஸ் பண்றப்ப அது எந்தப் பக்கம் பார்த்து இருந்துச்சுன்னு கழட்டுறதுக்கு முன்ன ஆர்ம்ல மார்க் பண்ணியே ஆகணும், போன்ல ஒரு படமும் எடுத்து வச்சுக்கங்க. வெற்றிடம் எந்தத் திசையில இருக்கோ அந்தத் திசையில புஷ் இளக்கம், மத்தத் திசையில கெட்டி. திருப்பிப் போட்டா புது புஷ்ஷே பழசு மாதிரி ஆடும். அமுக்குறப்ப வெளி வளையத்துல மட்டும்தான் விசை விழணும், நடுக்குழாயில இல்ல. உள்ள போக சவர்க்காரத் தண்ணி தொட்டுக்கங்க, கிரீஸ் வேணாம். பழைய புஷ்ஷை கேஸ் டோர்ச்ல எரிச்சு எடுக்குறவங்க இருக்காங்க, அந்தப் புகையும் கூடாது, ஆர்ம் இரும்புக்கு அந்தச் சூடும் கூடாது. இன்னொண்ணு உங்களுக்கு முன்கூட்டியே சொல்லிர்றேன், ஒட்டோ கியர் 121ல இடது ஆர்மோட போல்ட் கியர்பொக்ஸ்ல முட்டிக்கிட்டு நேரா வெளிய வராது, என்ஜினைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு கிராஸ்மெம்பரை இறக்கணும். அதனால கூலி கூட சொன்னா ஏமாத்துறாங்கன்னு நெனைக்காதீங்க. அரை மணித்தியாலத்துல முடிச்சுத் தர்றேன்னு யாராவது சொன்னாத்தான் எப்படின்னு கேக்கணும். கிராஸ்மெம்பர் இருந்த இடத்தை பெயின்டால கோடு போட்டு வச்சு அதே இடத்துல ஏத்தணும்.

போல் ஜொயின்ட் நட்டுல கொட்டர் பின் ஓட்டை நேரா வரலைன்னா இன்னும் கொஞ்சம் இறுக்கி ஓட்டைக்குக் கொண்டு வரணும், ஒருநாளும் தளர்த்தி கொண்டு வரக் கூடாது. பழைய கொட்டர் பின்னை நிமித்தித் திரும்பப் போடுறது வேணவே வேணாம், விலை ரொம்பக் கொறஞ்ச சாமான் அது. நீங்களே வீட்டுல செய்யப் போறீங்கன்னா ஒரே வார்த்தை, நம்ம வீட்டு முத்தம் எதுவும் சமதரை இல்ல. பார்வைக்கு சமமா தெரியும், போத்தலை வச்சா உருளும். ஜெக்கை மட்டும் நம்பி அடியில போகாதீங்க, ஸ்டேன்ட் வைங்க, பின் டயருக்கு ரெண்டு பக்கமும் கல்லு இல்லாம மரக்கட்டை ஆப்பு வைங்க, கல்லு நழுவும். மண் தரையில ஸ்டேன்ட் கால் புதையும், அடியில கெட்டிப் பலகை போடுங்க.

121 இல்லாம வேற வண்டி வச்சு இதை வாசிக்கிறவங்களுக்கும் ரெண்டு வார்த்தை. மாருதி 800ல லோவர் ஆர்ம் ஒத்தைக் கையி மாதிரி, முன்ன பின்ன போகாம அதைப் பிடிக்கிறது ஸ்டெபிலைசர் பார்தான், அதனால அந்த பார் புஷ் தேஞ்சா வெறும் சத்தம்னு விட்டுராதீங்க, டயரே முன்ன பின்ன போகும். டொல்பின் வேன்ல முன்னால டோர்ஷன் பார், முறுக்கி வச்ச விசை அதுல நிக்குது, மார்க் பண்ணாம, தளர்த்தாம ஆர்மைக் கழட்டப் போனா ஆள் காயப்படும், தெரிஞ்சவங்க கையில குடுங்க. மொரிஸ் மைனர் இன்னும் நம்ம ஊர்ல ஓடுது, எனக்கு ரொம்பப் பிடிச்ச வண்டி, அதுல போல் ஜொயின்ட் இல்ல, மரை வெட்டின ட்ரனியன், அதுக்கு ரப்பர் மாத்துறதை விட நிப்பிள்ல தவறாம கிரீஸ் அடிக்கிறதுதான் உயிர். கிரீஸ் காஞ்சு மரை தேஞ்சா கடைசியில டயர் கழண்டு சாய்ஞ்சுரும்.

எல்லாம் முடிஞ்சதும் வீல் எலைன்மென்ட் கட்டாயம். ஆர்மைத் தொட்டாலே கோணம் மாறும், கிராஸ்மெம்பரை இறக்கினா சொல்லவே வேணாம். புது ரப்பர் கொஞ்சம் படிஞ்சு உக்காரும்னு நான் ஒரு 300, 400 கிலோமீட்டர் ஓட்டினப்புறம் இன்னொரு தடவை போல்டுகளைப் பார்ப்பேன், புத்தகத்துல இருக்கிற விதி இல்ல, என் பழக்கம். டயர் உள்விளிம்பு ஏற்கனவே தேஞ்சிருந்தா எலைன்மென்டுக்குப் பொறகும் அந்தத் தேய்மானத்தோட இரைச்சல் கேக்கும், அதைக் கேட்டு புஷ் சரியில்லன்னு நெனைச்சிராதீங்க. ஜனவரி, பெப்ரவரி காலையில நுவரெலியாவுல பனி விழுற நேரம் புது புஷ்ஷும் லேசா முனகும், குளிர்ல ரப்பர் விறைக்குது, ரெண்டு மூணு கிலோமீட்டர் ஓடினதும் நின்னுட்டா பயப்பட ஒண்ணுமில்ல. சேவிஸ் ஸ்டேஷன்ல அண்டர்வோஷ் பண்ணிட்டு பளபளப்புக்கு டீசலோ பழைய ஒயிலோ அடிக்க வந்தா வேணாம்னு சொல்லுங்க, ஒயில் பட்டா ரப்பர் ஊதி பஞ்சு மாதிரி ஆயிரும். இடது பக்கம் என்ஜின் இல்லாட்டி கியர் ஒயில் கசிவு இருக்கான்னும் பார்த்துக்கங்க, இருந்தா அதை முதல்ல நிப்பாட்டிட்டுத்தான் புஷ்ஷைப் போடணும்.

இந்த ஞாயித்துக்கிழமை கிரவுண்ட் சோதனையைச் செஞ்சு பாருங்க தம்பி. டீ ஆர் மாத்துறப்ப சத்தம் வருதா, ரிவர்ஸ் எடுத்துட்டு வர்ற முதல் பிரேக்ல மட்டும் வருதா, எறக்கத்துல ஒவ்வொரு பிரேக்குக்கும் வருதா, இந்த மூணுக்கும் பதில் எழுதுங்க. முடிஞ்சா ஸ்டியரிங்கை முழுசா வலது பக்கம் வெட்டி வச்சுட்டு இடது டயருக்குப் பின்னால போனை நீட்டி பின் புஷ்ஷை ஒரு படம், கீழ இருந்து ஒரு படம் எடுத்துப் போடுங்க, வெற்றிடமா கிழிசலான்னு பார்த்துச் சொல்றேன். அது வரைக்கும் சாமான் எதுவும் வாங்காதீங்க, ஆனா போல் ஜொயின்ட் ஆடுறது தெரிஞ்சா மட்டும் படத்துக்கும் என் பதிலுக்கும் காத்துக்கிட்டு இருக்காம வண்டியை அங்கேயே நிப்பாட்டிருங்க.